என் பழைய நம்பர்

கடைசி நாலு எண் எழுபத்தொண்ணு பதினாறு. உங்க நம்பர்தானே அண்ணாச்சி? வாசல் போர்டுல பெரிசா எழுதிப் போட்டிருக்கீங்களே, அதைப் பார்த்துத்தான் உள்ளே வந்தேன். இல்லை இல்லை, மோட்டார் எதுவும் காயில் கட்டக் கொண்டு வரலை. எங்க வீட்டு மோட்டார் நல்லாத்தான் ஓடுது. நான் வந்தது நம்பர் விஷயமா. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடி ஏழு வருஷம் அது என் நம்பர்.

பயப்படாதீங்க, திருப்பிக் குடுங்கன்னு கேட்க வரலை. உங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும், அந்த ஆறு எண்ணை எனக்குச் சொல்லணும், அவ்வளவுதான். பேங்க் மோசடிக்காரின்னு நினைக்கிறீங்க, முகத்துலயே தெரியுது. நினைக்கத்தான் செய்வீங்க, காலம் அப்படி இருக்கு. இந்தாங்க, என் அடையாள அட்டை. தமயந்தி, கிராம சுகாதார செவிலியர், சடையனேந்தல் துணை சுகாதார நிலையம். இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊசி போட்ட கை இது, ஏமாத்துற கை இல்லை.

சடையனேந்தல்னதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருச்சு. கையில இருந்த செப்புக் கம்பியைக் கீழே வச்சீங்க பாருங்க. ஆமா, அந்த மெசேஜ்தான். அந்தப் பொண்ணுதான். செல்லக்கனி.

இப்ப ஒழுங்கா மாத்திரை வாங்குறாங்களான்னு கேட்கிறீங்களா? நல்லா கேட்டீங்க. கொஞ்சம் உட்கார்றேன், அண்ணாச்சி. வெயில்ல பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்தே வந்தேன். டீ எல்லாம் வேண்டாம். தண்ணி இருந்தா குடுங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் நோயாளி விஷயத்தை வெளியில பேசுற ஆளு இல்லை. நாலாவது தெரு அந்தோணியம்மா ரெண்டு தடவை கருவைக் கலைச்சது எனக்குத் தெரியும், பால்வாடி டீச்சர் வீட்டுக்காரருக்கு என்ன சீக்குன்னு எனக்குத் தெரியும், ஒருத்தர்கிட்ட வாயைத் திறந்திருப்பேனா? எங்க வீட்டுக்காரர்கிட்டகூடச் சொன்னதில்லை. உங்ககிட்டச் சொல்றேன்னா, நீங்க இதுல சம்பந்தப்பட்டவர். அதனால சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் எங்களுக்கு எல்லாம் நோட்டுத்தான். நீல அட்டை போட்ட ஒரே நோட்டு. ஊர்ல யாருக்கு என்ன சீக்குன்னு அதுல இருக்கும். பீரோல பூட்டி வச்சிருப்பேன். பூட்டாட்டியும் ஒண்ணுமில்லை, என் கையெழுத்து என்னைத் தவிர யாருக்கும் புரியாது. அப்புறம் மேல இருந்து ஆர்டர் வந்துச்சு. எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், நோயாளி எந்த ஊருக்குப் போனாலும் அங்க இருக்கிற டாக்டர் ஒரு நம்பரைத் தட்டினா மொத்த வரலாறும் வந்துரணும்னு. நல்ல திட்டம்தான் அண்ணாச்சி, நான் குறை சொல்லலை. மெட்ராஸ்ல ஏசி ரூம்ல உட்கார்ந்து யோசிச்சா நல்லாத்தான் வரும்.

கையில டேப்புன்னு ஒரு சின்னக் கம்ப்யூட்டரைக் குடுத்தாங்க. ஒரு ஆளுக்குப் பத்தொன்பது கட்டம். பேரு, வயசு, ஆதார், சீக்கு, எடை, போன் நம்பர், போட்டோ. நடுவுல ஒரு கட்டம், சம்மதம்னு. நோயாளிக்கு எல்லாத்தையும் விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்கியாச்சான்னு கேட்கும். டிக் போடாட்டி அடுத்த பக்கம் போகாது. களை எடுத்துட்டு இருக்கிறவளை வரப்புல நிக்கவச்சு, உன் தகவல் எங்கே போகும், யார் பார்ப்பாங்கன்னு விளக்கிட்டு இருக்க முடியுமா? எனக்கே தெரியாது அது எங்கே போகுதுன்னு. போட்டுட்டேன் டிக். ஆயிரத்து இருநூறு பேருக்கும் நானே சம்மதிச்சேன்.

போன் நம்பர்தான் பெரிய தொல்லை. எங்க ஊர்ல பாதிப் பொம்பளைங்ககிட்ட போன் கிடையாது. இருந்தாலும் அது புருஷன் சட்டைப் பையில இருக்கும். கட்டம் காலியா இருந்தா ஊர் சிவப்பாயிரும். சனிக்கிழமை மீட்டிங்ல பெரிய திரையில காட்டுவாங்க, எந்த ஊர் பச்சை, எந்த ஊர் சிவப்புன்னு. அறுபது பேர் முன்னாடி மெடிக்கல் ஆபீசர் கேட்பார், என்ன சிஸ்டர், சடையனேந்தல்ல இன்னும் புறா விட்டுட்டு இருக்கீங்களான்னு. எல்லாரும் சிரிப்பாங்க. நான் அவரை விட வயசுல மூத்தவ.

அதனால எல்லா நர்சும் செய்றதை நானும் செஞ்சேன். போன் இல்லாதவளுக்கு என் நம்பர். முப்பத்தாறு பொம்பளைங்க என் நம்பர்ல இருந்தாங்க. ஆமா, இப்ப உங்க நம்பர்ல இருக்காங்க. உங்களுக்கு ஒருத்திதான் வந்தாளா? நாள் தவறினாத்தான் மெசேஜ் வரும். மத்தவங்களுக்கு இப்ப எல்லாம் கெடு தவறாம ஏத்திட்டேன், அதனால வந்திருக்காது.

செல்லக்கனி விஷயம் வேற. அவ வீட்டுல போன் இருந்துச்சு. புருஷன் கொம்பையா டிராக்டர் ஓட்டுறவன், நல்ல போனே வச்சிருந்தான். இவளுக்குப் பத்து வயசுல இருந்து வலிப்பு. ஒழுங்கா மாத்திரை போட்டா ஒண்ணும் வராது, எட்டு வருஷமா வரவும் இல்லை. அப்பன் ஆத்தா சொல்லாமக் கட்டிக் குடுத்துட்டாங்க. தப்புதான். ஆனா சொல்லியிருந்தா யார் கட்டுவா? நீங்க உங்க மகனுக்குக் கட்டுவீங்களா? பதில் சொல்ல வேண்டாம், சும்மா கேட்டேன்.

புதன்கிழமை தடுப்பூசி நாள். கைப்பிள்ளையைத் தூக்கிட்டு வருவா. ஊசி இருக்கோ இல்லையோ, எடை பார்க்கணும்னு சொல்லிட்டு வருவா. பிள்ளையைச் சுத்தியிருக்கிற துண்டுக்குள்ள மாத்திரை அட்டையை வச்சு விடுவேன். நோட்டுக் காலத்துல அப்படியே போயிட்டு இருந்துச்சு. கம்ப்யூட்டர் வந்த பிறகு, அதுல இல்லாத ஆளுக்கு மாத்திரை கிடையாதுன்னு ஆயிருச்சு. கண்ணுல தண்ணி வச்சுட்டா. "அக்கா, சீக்குப் பேரை எழுதாம குடுக்க முடியாதாக்கா?"ன்னா. முடியாதும்மான்னேன். "அப்ப எங்க வீட்டு போன் நம்பரை மட்டும் குடுத்துராதீகக்கா. அவுக கையில போன் இருக்கும்"னா. சரி கழுதை, என் நம்பரைப் போடுறேன், எனக்கு வந்தா அது கிணத்துல போட்ட கல்லுன்னு சொன்னேன். பாவம் பார்த்துத்தான் செஞ்சேன், அண்ணாச்சி. அதை நீங்க மறந்துறக் கூடாது. வாசல்ல நிக்கவச்சு போட்டோ எடுத்தேன். வெயில் முகத்துல அடிக்க, கண்ணைச் சுருக்கிட்டு நின்னா.

போன வருஷம் பொங்கலுக்கு என் மகன் புது போன் வாங்கிக் குடுத்தான், சிம்மோட. பழைய போன்ல நாள் பூரா மெசேஜ் சத்தம். முப்பத்தாறு பேர் அண்ணாச்சி! இன்னாருக்கு இரும்புச்சத்து மாத்திரை, இன்னாருக்கு ஸ்கேன்னு மண்டையைக் குடைஞ்சுரும். பழைய சிம்மை ஒரு டப்பாவுல போட்டு வச்சேன், ரீசார்ஜ் பண்ணலை. நம்பர் செத்துப் போச்சுன்னு நினைச்சேன். கம்பெனிக்காரன் அதை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுப்பான்னு யாருக்குத் தெரியும்? சர்க்குலர்ல இருந்துச்சாம். நம்பர் மாறினா உடனே மாத்தணும்னு பதினோராம் பக்கத்துல போட்டிருக்காம். யார் படிச்சா? ஒரு நாள் மாத்தலாம்னு உட்காரவும் செஞ்சேன். பழைய நம்பருக்கு ஓடிபி அனுப்பியிருக்கேன்னுச்சு. சிம்மைப் போட்டுப் பார்த்தா உசிர் இல்லை. விட்டுட்டேன்.

மாசி மாசம் மகனுக்கு நிச்சயதார்த்தம். பத்து நாள் லீவு போட்டேன். செல்லக்கனிக்கு மாத்திரையை முன்கூட்டியே குடுத்துட்டுத்தான் போனேன், கேட்டுக்கோங்க, குடுத்துட்டேன். டேப்புல ஏத்த மறந்துட்டேன், அவ்வளவுதான். கம்ப்யூட்டருக்கு அது தெரியுமா? நாள் கடந்துருச்சுன்னு மெசேஜை விட்டுருச்சு. உங்க போனுக்கு.

எனக்கு மனப்பாடம். அன்புள்ள செல்லக்கனி, கணவர் பெயர் கொம்பையா, சடையனேந்தல், தாங்கள் வலிப்பு நோய் மாத்திரை பெறும் நாள் கடந்துவிட்டது. மெசேஜ்ல எதுக்கு சீக்குப் பேரு? புருஷன் பேரு எதுக்கு? இதை மீட்டிங்ல எழுந்து கேட்கணும்னு நினைச்சிருக்கேன். கேட்கலை. அந்த வருஷம் எங்க ஊர் பச்சை. குடியரசு தினத்துக்குச் சான்றிதழ் குடுத்திருந்தாங்க. அப்ப போய் எப்படிக் கேட்கிறது?

நீங்க அதை அழிச்சிருக்கலாம். நூறு பேர்ல தொண்ணூத்தொம்பது பேர் அழிச்சிருப்பாங்க. நீங்க நல்ல மனுஷர். யாரோ ஒரு பொம்பளை மாத்திரை இல்லாமக் கிடக்கக் கூடாதேன்னு, உங்க கடையில வேலை பார்க்கிற பரமசிவன் சடையனேந்தல்காரர்னு அவருக்கு அனுப்புனீங்க. அவரும் நல்லவர்தான். ஊர் வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டார். இருநூத்துப் பதினாலு பேர் இருக்கிற குரூப்பு. பாவம், இந்தம்மாவைத் தெரிஞ்சவங்க தகவல் சொல்லிருங்கன்னு எழுதி, கீழே ரெண்டு கும்பிடுற கை. நான் அப்ப லீவுல, பட்டுச்சேலை எடுக்கிற கடையில நிக்கிறேன். என் போன்லயும் வந்துச்சு.  அவளுக்குப் போட்டது என் பழைய நம்பர்தானே, அது யார் கைக்கோ போயிருச்சுன்னு புரிஞ்சுபோச்சு.

உங்களைக் குறை சொல்லலை, அண்ணாச்சி. ஆரம்பம் எங்கேன்னு பார்த்தா அங்கேன்னு சொல்றேன்.

லீவு முடிஞ்சு போனப்ப நிலையத்து வாசல்ல கொம்பையா நிக்கிறான். பின்னால செல்லக்கனி, இடுப்புல பிள்ளை. அவன் கோபமா இருப்பான்னு நினைச்சேன். கோபமே இல்லை. கெஞ்சுற குரல். "நர்சம்மா, இது தப்பா வந்ததுதானே? கம்ப்யூட்டர் தப்பாப் போட்டுருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் எங்க அம்மாகிட்டச் சொல்லிக்கிடுதேன்"ங்கறான். அவனுக்கு உண்மை தெரியும்னு இன்னிக்குத் தோணுது. தெரிஞ்சுக்கிட்டேதான் கேட்டான். பொண்டாட்டியை விட மனசில்லாம, ஒரு சாக்கு கிடைச்சாப் போதும்னு கேட்டான். அவ என்னையே பார்த்துட்டு நின்னா.

நான் என்ன செய்ய முடியும்? தப்புன்னு சொன்னா, எப்படித் தப்பு, யார் நம்பருக்குப் போச்சு, எங்க நம்பர் இல்லையேன்னு அடுத்த கேள்வி வரும். பெட்டிஷன் எழுதுவான். என் நம்பர்னு தெரிஞ்சா சஸ்பென்ஷன். ரிட்டயர்மெண்டுக்கு இன்னும் ரெண்டு வருஷம், மகன் கல்யாணம் வேற. அதோட அரசாங்க ரெக்கார்டுல இருக்கிறதைப் பொய்யின்னு சொல்ல எனக்கு வாய் வராது. "கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாதுப்பா"ன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவன் தலையைக் குனிஞ்சுட்டுப் போயிட்டான். பிள்ளையை இடுப்புல ஏத்திக்கிட்டு அவளும் அவன் பின்னாடி போனா.

அடி உதைன்னு எதுவும் இல்லை, தெரியுமா? அடிச்சிருந்தாக்கூட நான் போலீஸ்ல சொல்லியிருப்பேன். மாமியார் ஒரு வார்த்தை திட்டலை. வீடு பூரா இரும்பு வச்சுட்டா. வலிப்பு வந்தா கையில இரும்பு குடுக்கணும்பாங்களே, அதுக்கு. தலைமாட்டுல சாவிக்கொத்து. அடுப்படியில அருவா. முற்றத்துல கடப்பாரை. குளிக்கிற தட்டிக்குள்ள ஒரு பழைய பூட்டு. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளுக்கு இரும்புதான் கண்ணுல படும். நான் சர்வேக்குப் போனப்ப பார்த்தேன். பிள்ளை மாமியார் இடுப்புல இருந்துச்சு. செல்லக்கனி கையை நீட்டுறா, கிழவி அந்தப் பக்கமாத் திரும்பிக்கிறா. "நீ விழுந்தா பிள்ளையும்ல விழும். உன் நல்லதுக்குத்தான் தாயி"ங்கறா. மெதுவாத்தான் சொன்னா. அந்த வீட்டுல எல்லாரும் மெதுவாத்தான் பேசுனாங்க.

அப்புறம் கிழவியே ஒரு வழி சொல்லியிருக்கா. ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், மாத்திரை இல்லாம இருந்து காட்டு. விழலைன்னா உனக்குச் சீக்கே இல்லை, மெசேஜு பொய்யி, பிள்ளையைத் தூக்கிக்கோன்னு. கோயில்ல மஞ்சக்கயிறு கட்டி விட்டுட்டா.

செல்லக்கனி மாத்திரை அட்டையை எல்லாம் துண்டுல முடிஞ்சு என்கிட்டக் கொண்டு வந்தா. பிள்ளை இல்லாம அந்தத் துண்டை அன்னிக்குத்தான் பார்த்தேன். "வீட்டுல இருந்தா அதுக்குக் கை போயிரும்க்கா, நீங்களே வச்சிருங்க"ன்னா. திடீர்னு நிறுத்தக் கூடாதுடி, முன்னை விட மோசமா வரும்னு சொன்னேன். சொன்னேன் அண்ணாச்சி. ஒரு தடவை சொன்னேன். அவ கேட்கிற நிலைமையில இல்லை. "பிள்ளை பால்குடி மறக்குதுக்கா"ங்கறா. 

அப்பத்தான் ஒண்ணு கேட்டா. "அக்கா, கம்ப்யூட்டர்ல எனக்குக் குணமாயிருச்சுன்னு போட முடியுமாக்கா? அந்த மெசேஜைக் காட்டுனா அவுக நம்புவாக. நீங்கதான் சொன்னீக, கம்ப்யூட்டர் தப்புச் சொல்லாதுன்னு. அவுக அதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காக." அப்படி எல்லாம் போட முடியாதும்மா, ஓடிபி கேட்கும், பழைய நம்பர் என்கிட்ட இல்லைன்னேன். நம்பர் யார்கிட்ட இருக்குக்கான்னு கேட்டா. தெரியாதுன்னேன். தெரியாதுதான். தேடலை. இன்னிக்கு விசாரிச்சுட்டு வந்த மாதிரி அன்னிக்கு விசாரிச்சிருந்தா பரமசிவன் மூலமா அரை நாள்ல உங்க கடைக்கு வந்திருக்கலாம். வரலை. அதை இப்ப சொல்லி என்ன?

மாத்திரை மறுத்துட்டான்னு டேப்புல போடணும். போட்டா பேரு சிவப்பாயிரும், ரெண்டு நாள்ல டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்கணும்னு விதி. டாக்டர் வந்தா முதல் பக்கத்தைத்தான் திறப்பார். முதல் பக்கத்துல என் நம்பர். அதனால குடுத்தாச்சுன்னு போட்டேன். பச்சை ஆயிருச்சு. நாள் தவறி இருந்தவ வாங்கிட்டான்னு உங்களுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும், மாத்திரை பெற்றமைக்கு நன்றின்னு. அதைப் பார்த்துத்தானே கேட்டீங்க, ஒழுங்கா வாங்குறாங்களான்னு? நம்மளால ஒரு பொம்பளைக்கு நல்லது நடந்துச்சேன்னு சந்தோஷப்பட்டிருப்பீங்க.

நாப்பத்தோராவது நாள் செத்துப் போனா.

கண்மாய்ல. பங்குனி மாசம், தண்ணியே இல்லை, முழங்கால் அளவுதான். காலையில பத்து மணி. துணி துவைக்கப் போனவ. வீடு பூரா இரும்பு வச்ச கிழவி கண்மாய்ல வைக்கலை. கூடப் போன பொம்பளைங்க முன்னாடி வந்துட்டாங்க, இவ பிள்ளைத் துணியை அலசிட்டு வாரேன்னு நின்னிருக்கா. தேடிப் போனப்ப குப்புறக் கிடந்தாளாம். நான் போய்ப் பார்த்தேன். கையில பிள்ளையோட சட்டை. விரலைப் பிரிக்க முடியலை. என்கிட்டத்தான் பிரிக்கச் சொன்னாங்க, நர்சம்மாவுக்குத் தெரியும்னு.

தண்ணி குடிங்க அண்ணாச்சி. முகமெல்லாம் வேர்த்திருச்சு உங்களுக்கு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு எனக்குத் தெரியும். பரமசிவன் சொல்லலையா? எந்த முகத்தை வச்சுச் சொல்லுவார்?

நம்ம வேதனை இதோட முடிஞ்சுதா? அடுத்த மாசம் டேப்பைத் திறக்கிறேன், அவ பேரு முதல்ல நிக்குது, சிவப்புல, போட்டோவோட. மாத்திரை நாள் கடந்துருச்சு. வெயில்ல கண்ணைச் சுருக்கிட்டு என்னைப் பார்க்கிறா. மூடணும்னா ஓடிபி. அதனால குடுத்தாச்சுன்னு போட்டேன். பச்சையானாத்தான் அந்த முகம் கீழே போகும். எடை கேட்டுச்சு. நாப்பத்தாறுன்னு போட்டேன். அதுக்கடுத்த மாசமும் நாப்பத்தாறு. ஒரே எடையாப் போட்டா கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வரும்னு, மூணாவது மாசம் நாப்பத்தேழு போட்டேன்.  செத்தவளுக்கு எடை கூடுது, அண்ணாச்சி. ரத்த அழுத்தம் நூத்திருபது எண்பது. அவளுக்கு எடுத்து வச்ச மூணு மாசத்து மாத்திரை என் பீரோல இருக்கு, நோட்டு இருந்த இடத்துல. மெசேஜ் சத்தம் வேற. பட்டப்பகல்ல, சோத்துல கை வச்சிருக்கும்போது, பழைய போன் சத்தம் கேட்கும். அந்தப் போன் இப்ப என்கிட்ட இல்லவே இல்லை, பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சு. ஆனாலும் எழுந்து போய்த் தேடுறேன். எங்க வீட்டுக்காரர் என்னடி தேடுறேங்கறார். 

அழலை. தூசி.

விஷயத்துக்கு வாரேன். அவ தம்பி மனு போட்டிருக்கான். வேலுச்சாமின்னு பேரு, இங்கே பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறான். எங்க அக்கா சீக்கு எந்த நம்பருக்குப் போச்சு, அந்த நம்பரை யார் குடுத்தா, சம்மதம்னு டிக் போட்டது யார்னு மூணே கேள்வி. திங்கக்கிழமை விசாரணை. பதிவைத் திறந்து பார்ப்பாங்க. நம்பர் இப்ப உங்க பேர்ல இருக்கு. முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவாங்க, எதுக்கு ஊருக்கெல்லாம் அனுப்புனேன்னு கேட்பாங்க. கடையைப் பூட்டிட்டு அலைய முடியுமா உங்களால?

அதுக்குத்தான் வந்தேன். நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது. பதிவை மூடிட்டா போன் நம்பர் யாருக்கும் தெரியாது, நட்சத்திரம் நட்சத்திரமா மறைச்சிரும். நோயாளியோட அந்தரங்கத்தைப் பாதுகாக்கணுமாம், அதுக்குன்னு புதுசாக் கொண்டு வந்திருக்காங்க. அந்தப் பொண்ணுக்கும் ஒரு முடிவு. மாசாமாசம் அவளைக் கூப்பிட்டுட்டே இருக்கிறது பாவமில்லையா?

இந்தா, டேப்பை எடுத்துட்டேன். மூடுங்கிற பட்டனைத் தொட்டாச்சு. ஓடிபி அனுப்பட்டுமாங்குது. உங்க போனைப் பாருங்க. வந்திருச்சா? சொல்லுங்க. ஏன் யோசிக்கிறீங்க, நான் இவ்வளவு நேரம் எல்லாத்தையும் ஒளிக்காமச் சொல்லலையா? சொல்லுங்க அண்ணாச்சி. எட்டு, மூணு... ம். ரெண்டு, அஞ்சு... ம்... ஒண்ணு, ஒன்பது. ஏத்துக்கிருச்சு. நல்லா இருப்பீங்க.

மூடக் காரணம் கேட்குது. இதை நான் பார்த்ததில்லை. மூணு இருக்கு. இறந்தார். அதைத்தானே போடணும்? இறந்த தேதி கேட்குது. பங்குனி... இருங்க. தேதி போட்டா, அதுக்குப் பிறகு மூணு தடவை மாத்திரை குடுத்திருக்கே, எப்படின்னு சிவப்பா எழுதுது. மருத்துவ அலுவலர் ஒப்புதல் வேணுமாம். வேண்டாம். பின்னாடி போ. ஊர் மாறினார். எந்த ஊர், அங்க எந்த நர்ஸ் ஏத்துக்கிட்டாங்கங்குது. யார் ஏத்துக்குவா அவளை? மூணாவது, குணமடைந்தார். அது ஒண்ணுமே கேட்கலை.

ஒண்ணுமே கேட்கலை, அண்ணாச்சி. தொட்டேன், போயிருச்சு. குணமடைந்தார். நல்லதுதானே? வாயைத் திறந்து அவ கேட்டது அது ஒண்ணுதான். இப்பவாவது செஞ்சு குடுத்துட்டேன்.

என்ன சத்தம்? உங்க போனா? என்ன வந்திருக்கு, படிங்க. சத்தமா வேண்டாம். குடுங்க, நானே பார்க்கிறேன். அன்புள்ள செல்லக்கனி, கணவர் பெயர் கொம்பையா, தாங்கள் வலிப்பு நோயிலிருந்து பூரண குணமடைந்தமைக்கு வாழ்த்துகள். தங்கள் செவிலியர் தமயந்தி. என் பேரு எப்படி வந்துச்சு? முன்னாடி எல்லாம் வராதே. இன்னிக்குத் தேதியும் போட்டிருக்கு.

அழிச்சிருங்க அண்ணாச்சி. அப்படியே அமுக்கிப் பிடிச்சா அழிக்கவான்னு கேட்கும். ஏன் அதையே பார்த்துட்டு இருக்கீங்க? வேலுச்சாமி வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடையா? பேருந்து நிலையத்துக்கு எதிர்லதான். எதுக்குக் கேட்கிறீங்க? செருப்பை எதுக்கு மாட்டுறீங்க? உங்களைச் சம்பந்தப்பட்டவர்னு நினைச்சுத்தானே எல்லாத்தையும் சொன்னேன். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் இருக்கு. அண்ணாச்சி, நில்லுங்க. அது என் நம்பர். அந்தப் போனை இப்படிக் குடுத்துட்டுப் போங்க.